சுவருக்கு எட்டாத ஸ்லீவ்: பெல்லட் ஸ்டவ் புகைக்குழாய் செட், ஒரு குளிர்காலம் ஓட்டிய பிறகு

குழாயைக் குறை சொல்ல மாட்டேன். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை (பெல்லட்) எரிக்கும் ஸ்டவ்வின் புகையை வெளியே கொண்டுபோகும் 3 அங்குலக் குழாய். உள்ளே துருப்பிடிக்காத எஃகு, வெளியே துத்தநாகம் பூசிய தகடு, நடுவில் கால் அங்குலக் காற்று இடைவெளி. செருகித் திருகினால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது.

வயிற்றெரிச்சல் எல்லாம் ஸ்லீவ் மேல்தான், அதாவது குழாய் சுவரைக் கடக்கிற துளைக்குள் வைக்கும் தகட்டு உருளை மேல். 'எந்தச் சுவருக்கும்' என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். முழுக்க இழுத்தாலும் 8 அங்குலம்தான் வருகிறது. மரச்சட்டச் சுவருக்கு அது போதும். என்னுடையது இரண்டு வரிசைச் செங்கல், நடுவில் இடைவெளி, உள்பூச்சு எல்லாம் சேர்த்து 11 அங்குலம். கோர் கட்டிங் (சுவரில் வட்டத் துளை போடுவது) முடிந்து, ஈரச் செங்கல் தூளோடு துளை முன்னால் நிற்கும்போதுதான் இது தெரிந்தது. விற்றவரிடம் போனில் கேட்டால், "மீதியைக் கலவை வைத்து அடைத்துவிடுங்கள்" என்கிறார். சூட்டில் குழாய் நீளும், ஆறினால் சுருங்கும், கலவை வெடித்துப்போகும். நாளைக்குக் குழாயைக் கழற்றவும் முடியாது. கடைசியில் தகடு வேலை செய்பவரிடம் 12 அங்குல நீள உருளை ஒன்று செய்து வாங்கினேன். வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக வைத்ததால் மழைத்தண்ணீர் உள்ளே வரவில்லை.

இணைப்புகளை அடைக்க சிலிகோன் பசை ஒரு டியூப் தருகிறார்கள். பத்தாது. இந்த ஸ்டவ்வில் மின்விசிறிதான் புகையைத் தள்ளுகிறது, அதனால் இணைப்பில் ஊசித்துளை இருந்தாலும் புகை வீட்டுக்குள்தான் வரும். சூடு தாங்கும் வகையில் இன்னொரு டியூப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கையேட்டில் நேராகச் சுவர் வழியே வெளியே விட்டால் போதும் என்று ஒரு படம் இருக்கிறது. நானும் அப்படித்தான் விட்டேன். ஒரு ராத்திரி கரண்ட் போனது. விசிறி நின்றது, ஆனால் தட்டில் இருந்த பெல்லட் கனன்றுகொண்டே இருந்தது. கால் மணி நேரத்தில் கூடம் முழுக்கப் புகை. அந்தக் குளிரில் ஜன்னலை எல்லாம் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தோம்! மறு வாரமே வெளியே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு 4 அடிக் குழாயை மேல்நோக்கி ஏற்றினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை கரண்ட் போயிற்று, புகை தானாகவே மேலே ஏறிப் போய்விட்டது.

டீயின் அடிமூடியை மாதம் ஒருமுறை கழற்றினால் ஒரு கைப்பிடி சாம்பல் கொட்டுகிறது. அந்த மூடி மட்டும் கொஞ்சம் இறுக்கம், கையுறை போட்டுக்கொண்டு திருப்ப வராது.

குழாயை மறுபடியும் வாங்குவேன். ஸ்லீவை, சுவரை அளந்துவிட்டுத் தனியாக.