ஆய்வகத் தரப் பயிற்சியும் வழிகாட்டலும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மருத்துவ ஆய்வகங்களின் தரத்தை உயர்த்த வளரும் நாடுகளில் நடத்தப்படும் பயிற்சித் திட்டங்களைப் பற்றி, அவை முடிந்த சூட்டோடு எழுதப்படும் பாராட்டுரைகளே நமக்கு அதிகம் படிக்கக் கிடைக்கின்றன. பயிலரங்கின் கடைசி நாளில் கொடுத்த கருத்துப் படிவத்தில் நானும் எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’ என்றுதான் குறித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அது பொய்யில்லை. ஆனால் பயிற்சி தந்தவர்களும் போய், வழிகாட்டியும் போய், அப்போது இருந்த பணியாளர்களில் பாதிப் பேர் இடமாற்றலாகியும் போன பிறகு எது மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும்போது, அந்தப் படிவத்தை வேறு மாதிரி நிரப்பத் தோன்றுகிறது. நடுத்தர அளவிலான ஓர் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் தரப் பொறுப்பாளராக இருந்து, இந்தத் திட்டத்தை முதல் நாளிலிருந்து பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 ஜனவரியில் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் வெளியான பிரகடனம், நோய்க்கொரு ஆய்வகம் என்று தனித்தனியே செலவிடுவதை விட்டு, ஒருங்கிணைந்த ஆய்வக அமைப்பை வலுப்படுத்துமாறு அரசுகளையும் நிதி வழங்குவோரையும் கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டே ருவாண்டாவின் கிகாலியில் ‘ஸ்லம்டா’ என்ற பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது; கூடவே உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்திய அலுவலகம் ‘ஸ்லிப்டா’ என்ற படிநிலைத் தணிக்கை முறையைக் கொண்டுவந்தது. மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15189-இன் சான்றை ஒரே தாவலில் எட்ட முடியாத ஆய்வகங்களுக்கு நட்சத்திரங்களால் படிகள் கட்டித் தந்த ஏற்பாடு இது: 55 விழுக்காட்டுக்குக் கீழே நட்சத்திரமே இல்லை, 55-ஐத் தொட்டால் ஒன்று, பிறகு பத்துப் பத்தாக ஏறி 95-இல் ஐந்து. பயிற்சி முறையும் எளியதுதான். மூன்று பயிலரங்குகள், அவற்றுக்கு இடையே சில மாத இடைவெளி, அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தத்தம் ஆய்வகத்தில் செய்து காட்ட வேண்டிய மேம்பாட்டுப் பணி ஒன்று, எல்லாம் சேர்த்து ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. ஆப்பிரிக்காவில் தொடங்கிய இந்த முறை பின்னர் கரீபியன் தீவுகளுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் பரவியது. எங்கள் கைக்கு வந்ததும் இந்த முறையே.

முதல் தணிக்கையில் எங்களுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன, முடிவுகள் உரிய நேரத்தில் போய்க்கொண்டிருந்தன, மருத்துவர்களிடமிருந்து பெரிய புகார் எதுவும் இல்லை. ஆகவே அந்த மதிப்பெண்ணை நாங்கள் ஓர் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டோம். ஆனால் தணிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: “செய்கிறோம் என்கிறீர்கள், எங்கே எழுதியிருக்கிறது?” அந்தக் கேள்விக்கு நாங்கள் கண்ட முதல் விடை தவறான விடை. முதல் பயிலரங்கு முடிந்து வந்த மூன்று மாதங்களில் எழுதித் தள்ளினோம். எங்கிருந்தோ கிடைத்த செயல்முறை ஆவணங்களில் ஆய்வகத்தின் பெயரை மாற்றினோம், அச்சிட்டோம், கோப்புகளில் அடுக்கினோம். ஓர் ஆவணத்தில் எங்களிடம் இல்லாத கருவியை இயக்கும் முறை விரிவாக இருந்தது என்பதை ஏழு மாதம் கழித்துத்தான் ஒருவர் கண்டுபிடித்தார்.

பயிலரங்குகளைக் குறை சொல்வதற்கில்லை. பணிநிரலை மேசைமேல் அடுக்கிப் பார்ப்பதும், சரக்கு இருப்பைக் கணக்கிட்டு எந்த அளவில் மறு ஆர்டர் போட வேண்டும் என்று தீர்மானிப்பதும் எல்லாம் செய்து பார்த்துக் கற்கும் விதத்தில் அமைந்திருந்தன. குறை என்னவென்றால், பயிலரங்குக் கூடத்தில் மின்சாரம் போவதில்லை, மாதிரிகள் வந்து குவிவதில்லை, அவசரப் பிரிவிலிருந்து தொலைபேசி அழைப்பு வருவதில்லை. அங்கே புரிந்தது இங்கே வந்ததும் கைக்கு வராமல் போனது. அந்த இடைவெளியை நிரப்பியது, எட்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் எங்களோடு தங்கிய வழிகாட்டிதான். ஒரு வாரம் என்பது முக்கியம். முதல் இரண்டு நாளும் எல்லாரும் ஒழுங்காகத்தான் இருப்போம். மூன்றாம் நாள்தான் உண்மையான ஆய்வகம் வெளியே வரும்.

அவர் ஓய்வு பெற்ற மூத்த ஆய்வக நுட்பநர். குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. காலையும் மாலையும் 4, 4, 4 என்று மாதம் முழுக்க ஒரே கையெழுத்து, ஒரே மை. அவர் பக்கத்தைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், பிறகு பதிவேட்டுக்குப் பொறுப்பான இளைஞரிடம், “தம்பி, நாளைக்கும் நாலுதானா?” என்று கேட்டார். மறுநாளுக்கான கட்டமும் நிரப்பப்பட்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவரும் திட்டவில்லை, தண்ணீர் நிரப்பிய சிறு குப்பியில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்தார், மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுமாறு அந்தத் தம்பியிடமே சொன்னார். நண்பகலில், கதவு அடிக்கடி திறக்கப்படும் நேரத்தில், 9 டிகிரி காட்டியது. உள்ளே இருந்த வினைப்பொருள் கிட்டுகளின் உறையில் 2 முதல் 8 வரை என்று அச்சிட்டிருந்தது. அன்று மாலையே அடிக்கடி எடுப்பவற்றை ஒரு சிறிய பெட்டிக்கு மாற்றும் யோசனையைச் சொன்னவரும் அதே தம்பிதான். அந்த ஏற்பாடு இன்றுவரை அப்படியே இருக்கிறது. பயிலரங்கில் குளிர்பெட்டிப் பராமரிப்புக்காக ஒரு முழுப் பிற்பகல் செலவிட்டிருந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

உள் தரக்கட்டுப்பாட்டில் கிடைத்த பாடம் இதைவிட ஆழமானது. மதிப்பு முன்கூட்டியே தெரிந்த ‘கன்ட்ரோல்’ என்ற சோதனை மாதிரியின் முடிவுகளை நாள்தோறும் புள்ளிகளாகக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் வரைபடம் 1950 முதல் இருக்கிறது. அதைப் படித்து முடிவெடுக்கும் வெஸ்ட்கார்டு விதிகள் 1981-இல் வந்தன. நாங்களும் வரைந்துகொண்டுதான் இருந்தோம், ஆனால் தயாரிப்பாளர் உறைச்சீட்டில் தரும் எல்லைகளை வைத்து. அந்த எல்லை பல ஆய்வகங்களின் வேறுபாடுகளையும் உள்ளடக்கியதால் மிக அகலமானது. அதற்குள் எந்தப் புள்ளியும் விழும். வழிகாட்டி எங்களையே இருபது நாள் கன்ட்ரோல் மதிப்புகளை எடுத்துச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிடச் செய்தார். கோடுகள் நெருங்கி வந்தன. முதல் வாரம் பெரும் தலைவலி, ஏனென்றால் எல்லாம் சரியாக இருந்தாலும் ஏறத்தாழ இருபதில் ஒரு புள்ளி இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே விழத்தான் செய்யும்; அதைக் கண்டு பதறி, உள்ளே விழும்வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது எங்கள் பழைய வழக்கம். அந்தப் பழக்கத்தை விடவே பல மாதங்கள் ஆயின.

ஒருமுறை குளுக்கோஸ் கன்ட்ரோல் தொடர்ந்து பத்து நாள் சராசரிக்கு மேலேயே நின்றது. எந்தப் புள்ளியும் எல்லையைத் தாண்டவில்லை. பழைய வரைபடமாக இருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. யூரியா, கிரியேட்டினின் வரைபடங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தோம், அவையும் மேலே. எல்லாம் ஒரே திசையில் ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவியை அல்ல, குப்பியை என்று வழிகாட்டி சொன்னார். உலர்நிலையில் வரும் அந்தக் கன்ட்ரோலை 5 மில்லிலிட்டர் நீரில் கரைக்க வேண்டும். எங்கள் பிப்பெட் உறிஞ்சி விட்ட நீரைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் குறைந்தது. நீர் குறைந்ததால் கன்ட்ரோல் செறிந்திருந்தது, அவ்வளவுதான். நோயாளிகளின் முடிவுகளுக்கு அதுவரை பாதிப்பில்லை. ஆனால் கருவியின் அளவீட்டைச் சரிசெய்யப் பயன்படும் அடுத்த காலிபிரேட்டர் குப்பியையும் அதே பிப்பெட்டால் கரைத்திருந்தால் நோயாளிகளின் முடிவுகள் எல்லாம் குறைவாகப் போயிருக்கும், கன்ட்ரோலும் அதே அளவு செறிந்திருப்பதால் வரைபடமோ ஒழுங்காகத் தெரிந்திருக்கும். இதை அவர் விளக்கிய போது எங்களில் ஒருவரும் உடனே பேசவில்லை.

ஆய்வகத்துக்கு வெளியே நடக்கும் தவறுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொட்டாசியம் அபாய அளவில் உயர்ந்தும் கால்சியம் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்தும் அவ்வப்போது ஒரு முடிவு வரும். மருத்துவர் தொலைபேசியில் கோபப்படுவார், நோயாளியோ எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இ.டி.டி.ஏ. கலப்பு என்று புத்தகத்தில் படித்தது எங்களுக்கும் தெரியும்: ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருப்பது இ.டி.டி.ஏ.-வின் பொட்டாசிய உப்பு, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்வதால் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவும் விழும். அது எப்படிக் கலக்கிறது என்பதுதான் தெரியவில்லை. வழிகாட்டி எங்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு விடியற்காலையில் வார்டுக்குப் போய் நின்றார். சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் போதாமல் போனபோது, நோயாளியை மறுபடி குத்த மனமில்லாத செவிலியர் ஒருவர் ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் சாய்த்து ஊற்றினார். இரக்கத்தால் நேர்ந்த தவறு. சுற்றறிக்கை அனுப்பித் தீர்க்கக்கூடியதல்ல. குழாய்களை நிரப்பும் வரிசையையும் காரணத்தையும் படுக்கையருகே நின்று சொல்வதே எங்கள் இரண்டாவது மேம்பாட்டுப் பணியாயிற்று. புதிய செவிலியர்கள் வரும்போதெல்லாம் இன்றும் அதைச் செய்கிறோம்.

திட்டத்தின் நடுவே வழிகாட்டி மாறினார். புதியவர் திறமைசாலி, வேகமானவர், எங்கள்மேல் உண்மையான அக்கறை கொண்டவர். ஆகவே ஆவணங்களைத் தாமே எழுதிக் கொடுத்தார். மதிப்பெண் விறுவிறுவென்று ஏறி மூன்று நட்சத்திரம் கிடைத்தது. முதல் வழிகாட்டியோடு ஓராண்டு உழைத்து ஒன்றிலேயே நின்றிருந்த நாங்கள் இவரைக் கொண்டாடினோம். ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையின் 2022 பதிப்பு வந்து, ஆவணங்களை இடர் மதிப்பீட்டு நோக்கில் திருத்த வேண்டியிருந்தபோது வேறுபாடு தெரிந்தது. நாங்கள் தடுமாறி எழுதியிருந்த கோப்புகளை ஒரு வாரத்தில் திருத்திவிட்டோம். அவர் எழுதித் தந்த அழகான கோப்புகளைப் புரிந்துகொள்ளவே முடியாமல் முதலிலிருந்து எழுதினோம்.

நட்சத்திரங்களைப் பற்றி எனக்கு இருமனம் உண்டு. அவை இல்லாவிட்டால் நிர்வாகத்தை எங்கள் பக்கம் திருப்பியிருக்கவே முடியாது. ‘தரம்’ என்று சொன்னபோது கிடைக்காத பிப்பெட் அளவுத்திருத்தச் செலவு, ‘இன்னும் ஒரு நட்சத்திரம்’ என்று எழுதியதும் ஒப்புதலாகி வந்தது. ஆனால் தணிக்கைக்கு முந்திய இரண்டு வாரம் பழைய பதிவேடுகளை உட்கார்ந்து நிரப்பும் வேலையையும் அதே நட்சத்திரம்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதில் நானும் பங்காளி.

பயிற்சியாலும் வழிகாட்டலாலும் தீராதவை நிறைய உண்டு. வினைப்பொருள் வராத மாதத்தில் சரக்கு அட்டை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பரிசோதனை நடக்காது. கருவிப் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியானால் எந்த மேம்பாட்டுப் பணியும் அதை ஈடுசெய்யாது. பயிற்சி பெற்றவர் இடமாற்றலாகிப் போவதை நாங்கள் ஓரளவு சமாளித்தது, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணைப் பொறுப்பாளரை வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்வதால்தான்.

இத்தகைய திட்டம் தங்கள் ஆய்வகத்துக்கு வரவிருப்பவர்கள், நான்காவது பயிலரங்கு ஒன்றைக் கேட்பதைவிட, திட்டம் முடிந்து ஓராண்டும் ஈராண்டும் கழித்து வழிகாட்டி தலா ஒரு வாரம் வந்து தங்க ஏற்பாடு செய்யக் கேளுங்கள். வழிகாட்டி எழுதித் தர முன்வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். எங்களுக்கு அந்தப் பின்வருகை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, அருகிலுள்ள இன்னொரு ஆய்வகத்தோடு பேசி, ஆண்டுக்கு இரண்டு முறை அவர்கள் எங்களையும் நாங்கள் அவர்களையும் தணிக்கைப் பட்டியலை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் அவர்கள் வருகிறார்கள். சென்ட்ரிஃபியூஜின் வேகச் சோதனை நாள் கடந்துவிட்டது என்பதைப் பதிவேட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன்; முந்தைய தேதியிட்டு நிரப்பவில்லை.