வெள்ளி நானோவயர் மின்முனை: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவருவது

ஆர்கானிக் சோலார் செல்லில் ஒளி ஊடுருவும் மின்முனையாக இருக்கும் ஐடிஓவுக்கு (இண்டியம் டின் ஆக்சைடு) பதிலாக வெள்ளி நானோவயர், அதாவது நானோமீட்டர் தடிமனுள்ள வெள்ளிக் கம்பிகள், போடுபவர்கள் முதலில் பார்ப்பது ஷீட் ரெசிஸ்டன்ஸ் (மெல்லிய படலத்தின் மின்தடை). அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 550 நானோமீட்டரில் 90 சதவீத ஒளி ஊடுருவ, சதுரத்துக்கு 10 முதல் 20 ஓம் கிடைக்கிறது. வளைத்தால் ஐடிஓ விரிசல் விடும், இது தாங்கும். ஆனால் செல்லின் ஆயுளை அந்த எண் சொல்வதில்லை.

பெரிய தொல்லை மேடுபள்ளம்தான். 40 நானோமீட்டர் கம்பிகள் இரண்டு குறுக்காகக் கிடந்தால் உயரம் 80, மூன்று கிடந்தால் 120. அதன்மேல் வரும் ஆக்டிவ் லேயர் (ஒளியை மின்சாரமாக்கும் அடுக்கு) பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவே. கம்பி அதைத் துளைத்து எதிர் மின்முனையைத் தொட்டால் ஷார்ட். இருட்டில் ஜே-வி வளைவு (மின்னழுத்தத்துக்கு எதிரான மின்னோட்ட அடர்த்தி) எடுத்தாலே போதும்: எதிர்த்திசை மின்னழுத்தம் தரும் ரிவர்ஸ் பக்கம் கசிவு மின்னோட்டம் ஏறியிருக்கும். துத்தநாக ஆக்சைடு நானோதுகள் பூச்சு இந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியிலிருந்து மின்னூட்டத்தைத் திரட்டித் தருவதும் அதுவே. அதனால் அதை மெல்லியதாகப் பூசி மிச்சம் பிடிக்கக் கூடாது. இன்னும் நல்ல வழி: கம்பிகளைக் கண்ணாடியில் பூசி, மேலே புற ஊதாவில் இறுகும் ரெசினை ஊற்றி, இறுகியபின் உரித்தெடுப்பது. கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம் மேலே வரும். கம்பிகள் ரெசினுக்குள் புதைந்து, பரப்பு வழவழப்பாக இருக்கும்.

கம்பிகள் மிதக்கும் கரைசல் பாட்டிலைக் கையால் மெதுவாகக் குலுக்கினால் போதும். அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தால் கம்பிகள் ஒடியும்; ஒடிந்தவை பின்னிப் பாதை அமைக்கக் கூடுதல் அளவு தேவைப்படும், ஒளி குறையும். பார் கோட்டிங்கில் (கரைசலை ஒரு தண்டால் இழுத்துப் பூசுவது) கம்பிகள் இழுத்த திசையிலேயே படுத்துவிடுவதால் குறுக்குத் திசையில் தடை கூடும். பாதி அளவில் முதல் பூச்சு, செங்குத்துத் திசையில் இரண்டாவது என்றால் சரியாகும்.

கம்பியைச் சுற்றியுள்ள பிவிபி என்ற பாலிமர் உறை சந்திப்புகளில் மின்சாரத்தைத் தடுக்கும். கண்ணாடியில் 150 முதல் 180 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 நிமிடம் சூடாக்கினால் சந்திப்புகள் ஒட்டிக்கொள்ளும். சூடு மிஞ்சினால் கம்பி மணிமணியாக அறுந்துவிடும், மெல்லியது முதலில். பெட் (PET) பிளாஸ்டிக் ஃபிலிம் அந்தச் சூட்டைத் தாங்காது. அதற்கு உருளையில் அழுத்துவதே ஏற்றது.

நாள்பட வெள்ளியைக் கெடுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள். மெல்லிய கம்பிக்குப் பரப்பு அதிகம் என்பதால் வெள்ளி சல்பைடு வேகமாகப் படியும். பூசிய தகடுகளை நைட்ரஜனிலேயே வைக்க வேண்டும். மின்கடத்தும் பாலிமரான பெடாட்:பிஎஸ்எஸ் அமிலத்தன்மை உள்ளது, ஈரத்தையும் இழுக்கும். வெள்ளிக்கு நேர்மேலே அதைப் பூசுவதைத் தவிர்ப்பதே நல்லது; வேறு வழியில்லை என்றால் நடுநிலை பிஎச் வகையை எடுக்கலாம். கம்பி பூசியபின் புற ஊதா ஓசோன் சுத்திகரிப்பும் ஆகாது, வெள்ளி ஆக்சைடாகிவிடும். அதை வெறும் கண்ணாடியிலேயே முடித்துவிட வேண்டும்.

காலப்போக்கில் தடை எவ்வளவு ஏறியது என்று கண்காணிக்க நாலுமுனை புரோப் (நான்கு ஊசிகளைப் பரப்பில் அழுத்தி மின்தடை அளக்கும் கருவி) சரிப்படாது. ஊசிமுனை குத்திய இடத்தில் கம்பிகள் பெயர்ந்து, அடுத்த அளவீடு பொய் சொல்லும். ஓரங்களில் வெள்ளி பேஸ்ட் பட்டையை முதலிலேயே போட்டு அதிலிருந்து அளக்கலாம். தொடாமல் அளக்கும் எடி கரன்ட் மீட்டர் இருந்தால் அதைவிட நம்பகம்.