ப்ளூமிங்டேல்ஸ்: பழுப்புப் பையும் அதற்குப் பின்னால் இருக்கிற கடையும்

நியூயார்க் போகிறவர்களிடம் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று சொன்னால் பெரும்பாலும் மேசீஸ் பெயர்தான் வரும். என் ஓட்டு ப்ளூமிங்டேல்ஸுக்கு. அதுவும் லெக்சிங்டன் அவென்யூவில் 59வது தெருவில் இருக்கும் தாய்க்கடைக்கு மட்டும். கிளைகளைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கடையின் வரலாறு தெரிந்தால்தான் இதன் பிராண்டிங் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று புரியும், ஏனென்றால் இது பிறவியிலேயே பணக்காரக் கடை கிடையாது. 1861ல் ஜோசப், லைமன் என்ற ப்ளூமிங்டேல் சகோதரர்கள் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் தொடங்கியபோது அவர்களிடம் இருந்த முக்கியச் சரக்கு, அந்தக் காலத்துப் பெண்கள் உள்ளே வளையம் வைத்து விரித்துக் கட்டிய பாவாடைகள். அந்த மோகம் எத்தனை நாளைக்கு நிற்கும்? 1872ல் ஈஸ்ட் சைட் பஜார் என்ற பெயரில் பலவகைச் சரக்கையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார்கள். 1886ல் 59வது தெருவுக்கு வந்தார்கள். அப்போது நாகரிகமான கடைகளெல்லாம் நகரத்தின் தெற்கே இருந்தன, இவர்கள் வடக்கே வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் அவென்யூவில் மேம்பாலத்தில் ரயில் ஓடியது, டிராம்கள் இருந்தன, அதையே விளம்பரமாக்கினார்கள்: எந்த வண்டியில் ஏறினாலும் மாறி ப்ளூமிங்டேல்ஸுக்கு வரலாம் என்ற பொருளில் ஒரு வாசகத்தை ஊர் முழுக்கப் பரப்பினார்கள். சரக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. கடை தூரம் என்ற குறையையே, எல்லா வழியும் இங்கேதான் வருகிறது என்று மாற்றிச் சொன்ன துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1930ல் பல டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை வைத்திருந்த ஃபெடரேட்டட் குழுமத்தில் சேர்ந்தது, அடுத்த ஆண்டே லெக்சிங்டன் பக்கம் ஆர்ட் டெகோ பாணியில் கட்டடம் எழுந்தது. ஆனாலும் பல காலம் நடுத்தர மக்கள் சகாய விலைக்குச் சாமான் வாங்கும் கடை என்றுதான் பெயர். 1955ல் மூன்றாம் அவென்யூ மேம்பால ரயில் நின்றது, பாலத்தை இடித்தார்கள், தெருவில் வெயில் விழுந்தது, வாடகை ஏறியது, வசதியானவர்கள் அக்கம்பக்கத்தில் குடியேறினார்கள். கடைக்காரர்கள் இதைக் கவனித்துச் சரக்கை மாற்றினார்கள். மேல்தட்டுக் கடை என்ற அடையாளம் இப்படி மெல்ல மெல்லச் செய்யப்பட்டதுதான், பரம்பரைச் சொத்து இல்லை.

எப்படிச் செய்தார்கள் என்பதுதான் விஷயமே. நாற்காலிகளையும் கட்டில்களையும் வரிசையாக அடுக்கி விலைச்சீட்டு மாட்டாமல், பார்பரா டார்சி என்ற வடிவமைப்பாளர் முழு அறைகளையே கடைக்குள் அமைத்தார். குகை போல வெள்ளையாக வளைந்த சுவர்களோடு ஒரு அறைகூடச் செய்தார். வாங்க வந்தவர்களைவிடப் பார்க்க வந்தவர்கள் அதிகம், அப்படிப் பார்க்க வந்தவர்களில் பலர் பிறகு வாங்கினார்கள். 1969ல் தலைவரான மார்வின் டிராப் இதையே பெரிதாக்கினார். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அந்த நாட்டின் துணி, பாத்திரம், சாப்பாடு, கைவினை எல்லாவற்றையும் கடை முழுக்க நிரப்பி வாரக்கணக்கில் திருவிழா நடத்துவார்கள். 1978ல் அப்படி இந்தியா வந்தது. 1980ல் சீனா வந்தபோது அரண்மனை அங்கிகளையே காட்சிக்கு வைத்தார்கள், அமெரிக்காவும் சீனாவும் தூதரக உறவு தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஒரு துணிக்கடை இதைச் செய்தது என்றால் இன்று நம்புவது கஷ்டம். கடைக்குப் போவதே ஒரு நிகழ்ச்சி என்று நியூயார்க்காரர்களை நினைக்கவைத்தது இதுதான் என்பது என் எண்ணம்.

அப்புறம் பை. 1961ல் பிரான்ஸ் சரக்குகளுக்காக நடந்த விழாவுக்கு ஓவியர் ஒருவரைக் கொண்டு டாரட் சீட்டுப் படங்கள் போட்ட பை ஒன்றைச் செய்தார்கள், அதில் கடையின் பெயரே இல்லை. 1973ல் வந்ததுதான் இன்றுவரை எல்லோருக்கும் தெரிந்த பெரிய பழுப்புப் பை. தலையணை, போர்வை வாங்கியவர்கள் தூக்கிக்கொண்டு போவதற்காகச் செய்தது. முகப்பில் பிக் பிரவுன் பேக் என்ற மூன்று சொற்கள் மட்டும், கடையின் பெயர் அங்கே கிடையாது. பின்னர் நடுத்தர அளவு, சின்ன அளவு என்று தம்பிகளும் வந்தார்கள், ஒவ்வொன்றிலும் அதனதன் அளவுதான் எழுதியிருக்கும். மற்ற கடைகள் பளபளப்பான தாளில் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மளிகைக்கடைத் தாளின் நிறத்தில் ஒரு பையைக் கொடுத்து, தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்!

இதற்கு முந்தைய ஆண்டு, 1972ல், லோகோவை மாசிமோ விக்னெல்லி வடிவமைத்தார். எல்லாம் சின்ன எழுத்து, உருண்டையான கோடுகள், நடுவில் இரண்டு ஓ எழுத்துகள் சங்கிலிக் கண்ணிகள் மாதிரி ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அதே ஆண்டில் வெளியான நியூயார்க் சப்வேயின், அதாவது சுரங்க ரயிலின், புகழ்பெற்ற வரைபடமும் அவருடையதுதான், ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகை முறையிலும் அவர் கை உண்டு. லெக்சிங்டன் அவென்யூ 59வது தெரு நிலையத்திலிருந்து நேராகக் கடைக்குள் நுழைய வழி இருக்கிறது. பிளாட்பாரத்தில் அவர் உருவாக்கிய முறையில் எழுதிய பலகையைப் படித்துவிட்டுப் படியேறினால் அவர் வரைந்த லோகோ நிற்கிறது. ஊரும் கடையும் ஒரே மனிதரின் எழுத்தில் பேசுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஐம்பது வருஷம் கழித்தும் அந்த லோகோ பழசாகத் தெரியவில்லை, எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யலாம் என்று யாரும் கை வைக்காமல் இருப்பது பெரிய விஷயம்.

1988ல் கனடாவின் காம்போ நிறுவனம் பெருங்கடன் வாங்கி ஃபெடரேட்டடை விழுங்கியது, 1990ல் திவால் மனு கொடுத்தது. பிறகு ஃபெடரேட்டட் மீண்டு வந்து 1994ல் மேசீஸையே வாங்கியது, 2007ல் தன் பெயரையும் மேசீஸ் என்று மாற்றிக்கொண்டது. ஆக ஓட்டுக்கேட்ட இரண்டு கடைகளும் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2006ல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் உட்படப் பல ஊர்களின் பழைய பெயர்களை அழித்து எல்லாவற்றுக்கும் மேசீஸ் பலகை மாட்டினார்கள், சிகாகோ மக்கள் தெருவில் இறங்கிக் கோபப்பட்டார்கள். ப்ளூமிங்டேல்ஸ் பெயரை மட்டும் தொடவில்லை. தொட்டால் என்ன போய்விடும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

சரி, இன்றைக்குப் போனால் எப்படி இருக்கிறது? தரைத்தளத்தின் கறுப்பு வெள்ளை மார்பிளும் அழகுசாதனக் கவுன்டர்களும் இன்னும் அசத்துகின்றன, அதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஏழாவது மாடியில் 1975லிருந்து இருக்கும் ஃபார்ட்டி கேரட்ஸ் உணவகத்தில் உறைந்த யோகர்ட் சாப்பிடாமல் இறங்காதீர்கள். மேல் மாடிகளில்தான் எனக்கு மனத்தாங்கல். ஒவ்வொரு பெரிய பிராண்டும் தனக்கென்று ஒரு சதுரத்தை வளைத்துத் தன் விளக்கு, தன் பலகை, தன் அலமாரி என்று வைத்திருக்கிறது. இந்த வழக்கத்துக்கு விதை போட்டதும் இதே கடைதான்: ரால்ஃப் லாரன் என்ற உடை வடிவமைப்பாளரின் டைகளை விற்கத் தொடங்கி, 1969ல் ஆண்கள் உடைக்கென்று அவருக்குத் தனிக் கடையையே உள்ளே அமைத்துக் கொடுத்தார்கள். அப்போது அது புதியவர் ஒருவரைத் தேடிப்பிடித்துத் தூக்கிவிட்ட துணிச்சல். இன்று ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கு இடம் ஒதுக்குவதாக மட்டும் சுருங்கிவிட்டது. இதை நாங்கள் கண்டுபிடித்தோம், வந்து பாருங்கள் என்று கடை தன் குரலில் சொல்லும் இடங்களை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிளைகளில் இந்தக் குறை இன்னும் கூடுதல். ஷாப்பிங் மால் ஒன்றில் இருக்கும் கிளைக்குள் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டால், தரையையும் பையையும் வைத்துத்தான் எந்தக் கடை என்று சொல்ல முடியும். 2010ல் திறந்த துபாய் மால் கிளைதான் அமெரிக்காவுக்கு வெளியே முதலாவது, வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அது பக்கம். பிராண்டட் துணி வாங்க அது போதும், ஆனால் நான் இங்கே சொன்ன கடையைப் பார்க்க வேண்டுமென்றால் 59வது தெருதான். வார நாளில் கடை திறந்ததும் போங்கள், சப்வே வழியாகவே நுழையுங்கள், தள்ளுபடிக் காலத்து நெரிசலில் மட்டும் போகாதீர்கள். எதுவும் வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாலும் தப்பில்லை, வாங்குவதானால் படுக்கை விரிப்பு, துண்டு வகையறாவைப் பாருங்கள். பெரிய பழுப்புப் பை அந்தப் பிரிவுக்காக வந்ததுதானே.