ஜார்ஜ்டவுன் கல்வி ஆலோசனை நிலையம்: தெரிந்த பெயருக்கு மட்டும்

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுத்தரும், மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் அலுவலகம் ஒன்றுக்கு மகளை அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு இவர்கள் கெட்டிக்காரர்கள். எஸ்டிபிஎம் என்னும் மலேசியப் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வின் இரண்டு பருவ மதிப்பெண்களைப் பார்த்த கையோடு எங்கே என்ன படிப்பு கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். விசா படிவம், வங்கிக் கடிதம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம்மிடம் காசு வாங்குவதில்லை. தரகுப் பணத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடுகிறது. குடிக்க மைலோவும் உண்டு.

என் மகள் கேட்டது வேறு. இயற்பியலோடு இலக்கியமும் படிக்க ஆசைப்பட்டு, அறிவியலையும் கலையையும் சேர்த்துப் படிக்கவிடும் அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் சிலவற்றை எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், சுவார்த்மோர், கிரின்னல். ஆலோசகர் சுவரில் ஒட்டியிருந்த க்யூஎஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் விரலை ஓட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. "ஐயா, இந்தப் பெயரெல்லாம் இங்கே யாருக்குத் தெரியும்? நாளைக்கு வேலைக்குப் போனால் கேட்பார்களே," என்றார்.

அந்தப் பட்டியலில் எப்படி அகப்படும்? ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் கல்வியாளர்களிடையே உள்ள புகழையும் எடைபோடுவது அது. இவையோ பெரும்பாலும் இளங்கலை மட்டும் நடத்தும் சிறிய இடங்கள். வில்லியம்ஸில் மொத்தமே ஏறத்தாழ 2,000 மாணவர்கள்தான். அமெரிக்காவிலேயே கல்லூரித் தரவரிசை வெளியிடும் யுஎஸ் நியூஸ் இவற்றைப் பல்கலைக்கழகங்களோடு சேர்க்காமல் தனியாகத்தான் வரிசைப்படுத்துகிறது. இதைச் சொல்லாமல் விரலை மட்டும் ஓட்டினால் ஆலோசனை எதற்கு?

பாதி ஆயுளைப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கழித்தவன் நான். கணினிச் சில்லு செய்யும் இன்டெல் 1972இல் பினாங்குக்கு வந்தது. அதை நிறுவிய இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ், அயோவா மாநிலத்துக் கிரின்னல் கல்லூரியில் 1949இல் பட்டம் பெற்றவர். டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட சூட்டோடு அதை வாங்கி வந்து வகுப்பில் காட்டியவர் அங்கிருந்த இயற்பியல் ஆசிரியர் கிராண்ட் கேல். நாய்ஸ் பிறகு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கினார். எம்ஐடி என்று சொன்னால் இங்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்டெல் சம்பளத்தில் வீடு வாங்கிய குடும்பங்கள் இந்தத் தீவில் எத்தனையோ உண்டு. கிரின்னல் என்றால் அவர்களும் முழிப்பார்கள்.

ஆலோசகரின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். உள்ளூர் மேலாளர் மனுவைப் புரட்டும்போது கேள்விப்படாத பெயர் உறுத்தத்தான் செய்யும். இதே வகைக் கல்லூரியான சிங்கப்பூரின் யேல்-என்யுஎஸ் கல்லூரியை மூடப்போவதாக 2021இல் அறிவித்து 2025இல் மூடிவிட்டதை எங்கள் அண்ணி இன்றுவரை நினைவூட்டுகிறார். பள்ளி முடித்த கையோடு மருத்துவமோ சட்டமோ படிக்க வேண்டும் என்றால் இந்தக் கல்லூரிகள் பக்கமே போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் அவை இளங்கலைக்குப் பிறகு படிப்பவை.

எனக்குக் கோபம் வந்தது பண விஷயத்தில். ஆம்ஹர்ஸ்ட், வெளிநாட்டு மாணவருக்கும் குடும்ப வசதியைப் பாராமல் இடம் கொடுத்து, தேவைப்படும் உதவித்தொகை முழுவதையும் தந்துவிடுகிறது. என்னைப்போன்ற சம்பளக்காரனுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது. மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஆலோசகர் அதைப் பற்றி வாயே திறக்காமல், அமெரிக்க விண்ணப்பம் என்றால் 'தனிக் கவனிப்பு' என்று சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். கோலாலம்பூரில் மேசீ என்னும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இருக்கிறது. ஒரு காசு வாங்காமல் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்றால் ஜார்ஜ்டவுன் அலுவலகத்துக்குத் தாராளமாகப் போங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது. அமெரிக்கச் சிறு கல்லூரி என்றால் மேசீயில் தொடங்குங்கள். பல கல்லூரிகளுக்கு ஜனவரித் தொடக்கத்திலேயே கெடு முடிந்துவிடும். எஸ்டிபிஎம் இறுதி முடிவு வரட்டும் என்று இருந்தால் அந்த ஆண்டு கைவிட்டுப் போய்விடும்.