பாதி விலையில் ஹாட் டப், வாரண்டி கிடையாது: திருநெல்வேலி மக்கள் கவனத்துக்கு

வீட்டில் வயசானவர்களுக்காக, வெந்நீரில் உட்காரும் ஹாட் டப், ஜக்குஸி தொட்டி என்று யாராவது விலை விசாரித்துக்கொண்டிருந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு உயிரே போயிருக்கும்.

அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். விக்கிரமசிங்கபுரம் மில்லில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்தவர். பாபநாசம் படித்துறையில் இறங்கிக் குளித்தவருக்கு இப்போது நாலு படி இறங்க முடியவில்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வலி தணியும் என்று டாக்டரும் சொன்னார். அதனால்தான் கேடிசி நகர் வீட்டின் பின்பக்கம் ஒரு தொட்டி வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

நான்குவழிச் சாலை ஓரம் ஒரு கடையில், குற்றாலத்து ரிசார்ட் ஒன்றுக்காக வந்த சரக்கு, ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது, பிரிக்காத புதுசு என்றார்கள். மற்ற இடங்களில் 4 லட்சம் சொன்ன அளவு, இங்கே 1,85,000. வாரண்டி பற்றிக் கேட்டேன். "இந்த வெலைக்கு வாரண்டி வராதுக்கா. நாங்க இங்கனதான இருக்கோம், ஒரு போன் போடுங்க, பையன் வந்து நிப்பான்" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த ஒரு சீட்டுதான் வந்தது. ஒரிஜினல் பில் ஆடிட்டரிடம் இருந்து பிறகு வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வேறு யோசனை சொன்னார்கள். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே ஒரு டன். உள்ளே உட்காரும் ஆட்கள் தனி. தளம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்காமல் யாரும் மாடியில் வைத்துவிடாதீர்கள்.

தண்ணீர் நிரப்பி ஓட்ட ஆரம்பித்த அந்த வாரமே பம்பு மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டில் வேகமே இல்லை. ஹீட்டரைப் போட்டால் ஈஎல்சிபி, அதாவது மின்கசிவு பாதுகாப்பு சுவிட்ச், உடனே ட்ரிப் ஆகும். கடையிலிருந்து பையன் வந்தான். என்னவோ செய்தான், ட்ரிப் ஆவது நின்றுவிட்டது. "இனிமே பிரச்சினை வராதுக்கா" என்று சொல்லிப் போய்விட்டான்.

சந்தேகம் தீராமல் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். மூடியைத் திறந்ததுமே, "யார் செஞ்ச வேலை இது, மொதல்ல மெயினை அமத்துங்க" என்று சத்தம் போட்டார். அந்தப் பையன் ஈஎல்சிபியையே விலக்கிவிட்டு வயரை நேராக இணைத்திருக்கிறான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டி ஆளைக் காப்பாற்றும் கருவி அது. அதை எடுத்துவிட்டு, எழுபது வயதைத் தாண்டிய மனிதரைத் தண்ணீருக்குள் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. பணம் போனதைக்கூட மறந்துவிடலாம், இதை என்னால் மன்னிக்க முடியாது.

அப்புறம் அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். மோட்டாரில் ஒட்டியிருந்த புது ஸ்டிக்கரை உரித்தால், கீழே பழைய தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60-க்குச் செய்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும். ஹீட்டர் கம்பியின் உறை அரித்துப்போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. குழாய்க்குள் கெட்டியாக வெள்ளை உப்புப் படிவு. எங்கள் போர் தண்ணீரும் உப்புதான், ஆனால் சில நாளில் அவ்வளவு படியாது. எங்கேயோ நன்றாக ஓடித் தேய்ந்த தொட்டியைத்தான் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

கடையில் கேட்டதற்கு, "வாரண்டி இல்லன்னு சொல்லித்தான குடுத்தோம்" என்றார்கள். அதன் பிறகு போனை எடுப்பதே இல்லை.

வாரண்டி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கேள்வியே கேட்க முடியாது என்று பலரும் நினைத்து விட்டுவிடுகிறோம். அப்படி இல்லை. பழையதைப் புதியது என்று விற்பதும், பில் தராமல் இருப்பதும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில்தான் வரும். பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். லாட்ஜ், ஹோம்ஸ்டே தொழிலுக்காக வாங்கியவர்களுக்கு மட்டும் இது சிக்கலாகலாம், அவர்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் திருநெல்வேலி ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டு, ஜிபேயில் பணம் போன விவரம், தகட்டின் போட்டோ, அண்ணாச்சி எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

இதே மாதிரி தொட்டி ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வெளி எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து ஈஎல்சிபி இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.