போர்ட்டைப் பிடித்திருப்பது யார்? பிஎஸ்யூட்டில் சொல்லிவிடும்

டெஸ்ட் சர்வரில் 8080 போர்ட் (புரோகிராம்கள் நெட்வொர்க்கில் பேசும் எண்ணிட்ட வாசல்) காலியில்லை என்றால், அதை எது பிடித்திருக்கிறது என்று பார்க்க எங்கள் டீமில் உடனே எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையை அடிப்பார்கள். கண்ணால் பார்க்க அது போதும். ஸ்கிரிப்டுக்குள் வைத்தால்தான் தலைவலி. விண்டோஸில் அந்தக் கட்டளையும் கிடையாது. அதனால் நான், ஓடும் புரோகிராம்களின் விவரம் தரும் பைத்தானின் பிஎஸ்யூட்டில் (psutil) நூலகத்துக்கு மாறிவிட்டேன்.

நெட்_கனெக்‌ஷன்ஸ் என்று ஒரே அழைப்பு. ஒவ்வொரு இணைப்புக்கும் முகவரி, போர்ட், நிலை, பிஐடி (ப்ராசஸின், அதாவது ஓடும் புரோகிராமின், அடையாள எண்) எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். நிலை 'லிஸன்' (இணைப்புக்குக் காத்திருக்கிறது) என்று இருப்பதை மட்டும் வடிகட்டினால் ஆள் சிக்கிவிடுவார். இணைப்பு ஏற்படுத்தாமலே தரவு அனுப்பும் யூடிபிக்கு நிலையே கிடையாது, அதைத் தனியாகக் கவனியுங்கள்.

லினக்ஸில் இது செய்யும் வேலை சுவாரசியமானது. கணினியின் நடப்பு நிலையைக் காட்டும் ப்ராக் (/proc) அடைவில் உள்ள டிசிபி இணைப்புப் பட்டியலில் போர்ட் எண் பதினாறடிமான (ஹெக்ஸ்) வடிவில்தான் இருக்கும்; 8080 அங்கே 1எஃப்90. பிஐடி அங்கே இருக்காது, சாக்கெட்டின் (இணைப்பு முனையின்) ஐநோடு என்ற அடையாள எண்தான் இருக்கும். ஒவ்வொரு ப்ராசஸும் திறந்து வைத்திருப்பவற்றைக் காட்டும் எஃப்டி (fd) அடைவையும் துழாவி, அதே ஐநோடு யாரிடம் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைக் கையால் எழுத எனக்குப் பொறுமை இல்லை சாமி!

குறை? ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் ஓட்டினால் லினக்ஸில் அடுத்தவர் ப்ராசஸுக்குப் பிஐடி இடத்தில் 'நன்' (None, மதிப்பு இல்லை) வரும். மேக்கில் இன்னும் கறார், அனுமதி மறுப்புப் பிழையே எறியும். அப்புறம், 6.0 பதிப்பில் ப்ராசஸ் வகுப்பின் கனெக்‌ஷன்ஸ் என்ற பெயரையும் நெட்_கனெக்‌ஷன்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் ஒருமுறை தேடி மாற்றிக்கொள்ளுங்கள்.