கண்டெண்டரா, எக்ஸ்பி-100ஆ?

வேட்டைக்கான ஒற்றைத் தோட்டா பிஸ்டல்களில் என் ஓட்டு 1967இல் வந்த தாம்சன்/சென்டர் கண்டெண்டருக்குத்தான். முன்பிடியைக் கழற்றி, கீல் ஆணியைத் தள்ளினால் குழல் கையோடு வந்துவிடும். .22 குழல் முயலுக்கு, .30-30 குழல் மானுக்கு. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குழலிலேயே பொருந்துவதால் மாற்றி மாட்டினாலும் குறி பெரிதாகக் கலையாது. எவ்வளவு பெரிய வசதி! ரிம்ஃபயர் (.22 போல, அடி விளிம்பில் தட்டினால் வெடிப்பது), சென்டர்ஃபயர் (.30-30 போல, அடி நடுவில் தட்டினால் வெடிப்பது) தோட்டாக்களுக்கிடையே மாறும்போது சுத்தியலில் உள்ள தேர்வுத் திருப்பியையும் அதற்கேற்பத் திருப்பி வைக்க மறக்காதீர்கள்.

1963இல் வந்த ரெமிங்டன் எக்ஸ்பி-100 போல்ட் வகை, அதாவது தாழ்ப்பாள் போன்ற தண்டை முன்னும் பின்னும் நகர்த்தித் திறந்து பூட்டுவது. பூட்டு உறுதியானது; .221 ஃபயர்பால் தோட்டா வேகமாக, தட்டையாகப் பாயும். ஆனால் நினைத்தபோது குழல் மாற்ற முடியாது. கனமும் அதிகம், எதன்மேலாவது தாங்கிச் சுடுவதே நல்லது.

எதை வாங்கினாலும் பிஸ்டலுக்கென்றே செய்த ஸ்கோப்பை மாட்டுங்கள். ரைஃபிள் ஸ்கோப்பைக் கை நீட்டிய தூரத்தில் பார்த்தால் காட்சி முழுதாகத் தெரியாது.